தேய்வும் திகதியும்: பழைய மடிக்கணினி குறித்து ஒரு நோக்கு

'பழையது' என்ற சொல் பொருள்களைக் குறித்து மிக எளிதாகக் கையாளப்படுகின்றது. ஆயின் அச்சொல்லினுள்ளே ஒன்றோடொன்று தொடர்பற்ற பல கருத்துகள் கலந்து கிடப்பதைப் பெரும்பாலானோர் அவதானிப்பதில்லை. இலக்கிய விமர்சனத்தில் 'நவீனம்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியே அன்றாட வாழ்க்கையில் இச்சொல்லுக்கும் நேர்ந்துள்ளது எனலாம். எதனையும் விளக்காமலே எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் சொற்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்து மாணவர் ஒருவரின் மேசையிலுள்ள மடிக்கணினியை உதாரணமாகக் கொள்ளலாம். வாங்கி ஏழெட்டு வருடங்களாகின்றன. அதுவும் அண்ணனோ அக்காவோ படித்து முடித்தபின் கைமாறி வந்ததாக இருக்கும். விசையை அழுத்தியபின் தேநீர் தயாரித்துக் குடித்து முடிக்கும்வரை அது ஆயத்தமாவதில்லை. மின்சாரம் நின்றால் அரைமணி நேரமும் பற்றரி தாங்குவதில்லை. விசிறி இரைகின்றது. போதாக்குறைக்கு, 2025 ஒற்றோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவு முடிவடைந்துவிட்டது என்ற அறிவித்தலும் திரையிலே தோன்றுகின்றது. "இதைத் திருத்திறதோ, இல்லாட்டிப் புதுசு எடுக்கிறதோ?" என்ற வினா அப்போது வீட்டிலும் விடுதியிலும் எழுகின்றது. கிடைக்கும் விடைகளோ இரண்டே. 'பழசைக் கட்டி அழாதே' என்பது ஒன்று; 'அந்தக் காலத்தில் எதைத்தான் எறிந்தோம்?' என்பது மற்றையது. இவ்விரு விடைகளும் பிரச்சினையை ஆராயாமலே தீர்ப்புக் கூறுவன.

வினா சிறியதன்று. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது விரிவுரைகள் இணையவழிக்கு மாறியதன் பின்னர் மடிக்கணினி கலைப்பீட மாணவருக்கு ஆடம்பரப் பொருளன்று. கைத்தொலைபேசியில் விரிவுரையைக் கேட்கலாம். ஆய்வேட்டை அதில் எழுதுவது இயலாது. மறுபுறம், 2022 மார்ச் முற்பகுதிவரை ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் விலை அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்டியது. உலகச் சந்தையில் 500 டொலர் பெறுமதியான கணினியொன்று, வரியும் வணிகர் இலாபமும் சேராமலே, 100,000 ரூபாவிலிருந்து 180,000 ரூபாவாயிற்று. டொலர் பின்னர் 300 ரூபாவை அண்டி நின்ற நிலையிற்கூட அது 150,000 ரூபா. 2025 இல் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்ட மகாபொல உதவித்தொகையை ஒரு சதமும் செலவழிக்காது இருபது மாதங்கள் சேர்த்தால்தான் அத்தொகை கைக்கு வரும். இருபது மாதங்கள் உண்ணாமலும் பேருந்தில் ஏறாமலும் இருப்பது எவ்வாறு என்பதை உதவித்தொகைத் திட்டத்தை வகுத்தோரும் கூறவில்லை.

இயந்திரத்தின் முதுமை பற்றித் தெளிவாகச் சிந்தித்தோருள் கார்ல் மார்க்ஸ் முக்கியமானவர். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் தொகுதியில் அவர் இயந்திரத்தின் தேய்வை இருவகையாகக் காண்கின்றார். பயன்படுத்துவதாலும், பயன்படுத்தாமல் விடுவதாலும் நேரும் பௌதிகத் தேய்வு ஒன்று. இயந்திரம் சிறிதும் பழுதுபடாதபோதிலும், அதே இயந்திரம் மலிவாக ஆக்கப்படுவதாலோ அதனிலும் சிறந்தது சந்தைக்கு வருவதாலோ அது தன் பெறுமதியை இழப்பது மற்றையது. ஆலைச் சொந்தக்காரனின் கணக்கை விளக்குவதற்கு இவ்விரண்டும் போதுமானவை. மேசைமீதிருக்கும் மடிக்கணினியை விளக்குவதற்கு மூன்றாவதொன்றும் தேவைப்படுகின்றது. ஆக்கியோன் குறித்த ஒரு திகதியால் வரும் முதுமையே அது. கணினியின் எந்த உறுப்பும் தேயவில்லை. சிறந்ததொன்று வந்தமையும் காரணமன்று. குறித்த நாள் வந்தது, அவ்வளவுதான். இன்றைய குழப்பம் பெரும்பாலும் இம்மூன்றாவது முதுமையை முதலாவதாக மயங்கிக் கொள்வதிலிருந்தே பிறக்கின்றது.

முதலில் உண்மையான தேய்வை நோக்கலாம். மேற்கூறிய கணினி மந்தமாக இயங்குவதற்கு அதன் மூளை மழுங்கியமை காரணம் அன்று. முறைவழியாக்கி வாங்கிய நாளில் எவ்வேகத்தில் இயங்கியதோ, தூசியடைந்து சூடேறாதவிடத்து, இன்றும் ஏறக்குறைய அவ்வேகத்திலேயே இயங்கும். தேய்ந்திருப்பது பெரும்பாலும் சுழலும் வன்தட்டு. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு முள் ஓடியோடித் தகவலைத் தேடுகின்றது. ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிசெக்கனுக்கு மேற் செல்லும். அசையும் உறுப்புகளற்ற எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகம் இவ்வேலையை அதன் நூறிலொரு பங்கு நேரத்திற் செய்து முடிக்கும். நான்கு ஜிகாபைற் நினைவகத்தை எட்டாக்கினால், நூலகம் இணையத்தளத்திலிருந்து இறக்கிய பழைய சஞ்சிகையொன்றின் வருடிய பக்கங்களையும் ஆய்வேட்டையும் உலாவியையும் ஒருங்கே திறந்து வைத்திருக்கலாம். பற்றரியோ இயல்பாகவே தேய்வது. முந்நூறு முதல் ஐந்நூறு தடவைகள் முழுமையாக மின்னேற்றியபின் அதன் கொள்ளளவு குறைவது இலிதியம் மின்கலத்தின் வேதியியல். யாழ்ப்பாணத்து வெப்பம் அதனை மேலும் விரைவுபடுத்தும். விசிறியின் தூசியைத் தட்டி, முறைவழியாக்கியின் மேலுள்ள வெப்பப் பசையைப் புதுப்பிப்பது திருத்துநருக்கு ஒரு மணி நேர வேலை. இவை யாவும் சேர்ந்தாலும் புதிய கணினியின் விலையில் ஒரு பகுதியே செல்லும். ஆனால் தாய்ப்பலகை பழுதடைந்தாலோ, திரையும் பிணைச்சலும் ஒருங்கே உடைந்தாலோ நிலைமை வேறு. அங்கு திருத்தம் என்பது, கறையான் தின்ற வளையை விட்டுவிட்டு ஓடுகளை மட்டும் மாற்றும் வேலையாகும்.

இரண்டாவது முதுமை, அதாவது சிறந்தது வந்தமையால் நேர்வது, துறைக்குத் துறை வேறுபடும். தமிழ், வரலாறு, மெய்யியல் ஆகிய துறைகளின் மாணவர் செய்வது பெரும்பாலும் வாசிப்பதும் எழுதுவதுமே. அவர்களுக்குப் புதிய முறைவழியாக்கியால் வரும் நன்மை மிகச் சிறிது. பத்து வருடங்களுக்கு முந்திய கணினியும் ஒரு வாக்கியத்தை அதே வேகத்தில் ஏற்றுக்கொள்ளும். புவியியல் மாணவர் செய்மதிப் படங்களை அடுக்கி நிலப்படம் வரையும்போதும், பொருளியல் மாணவர் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளிற் பெருந்தரவுகளைக் கையாளும்போதும் உண்மையாகவே குறைபாட்டை உணர்கின்றனர். ஆகவே கலைப்பீடத்து மாணவர் அனைவருக்கும் ஒரே விடை கூறுவோர் அம்மாணவர் என்ன செய்கின்றனர் என்பதையே கேட்டறியாதவர்கள்.

திகதியாற் பிறக்கும் முதுமையை இங்குச் சற்று விரித்து நோக்குதல் தகும். 2015 யூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 க்குப் பத்தாண்டுகள் ஆதரவு வழங்கப்பட்டது. அது குறுகிய காலமன்று. குற்றம் வேறிடத்தில் உள்ளது. 2021 ஒற்றோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, டீ.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதியையும், இன்ரெல் முறைவழியாக்கியாயின் சில விலக்குகள் தவிர எட்டாந் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ வேண்டிநின்றது. எட்டாந் தலைமுறை அறிமுகமானது 2017 இன் பிற்பகுதியில். எனவே 2017 இன் தொடக்கத்திற் புதிதாக வாங்கப்பட்ட ஏழாந் தலைமுறைக் கணினி, வேண்டிய பாதுகாப்பு வசதி அதில் இருந்தபோதும், எட்டு வருடங்களில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. கடைகளில் எஞ்சிக் கிடந்த அத்தகைய கணினிகளை 2018 இலும் 2019 இலும் வாங்கியோருக்குக் காலம் இன்னுங் குறைவு.

இதற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் கூறும் நியாயத்தை முற்றாக ஒதுக்குதல் விமர்சன நேர்மையாகாது. பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்காத கணினி ஆபத்தானது என்பது உண்மை. ஆய்வேட்டைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று போட்டோப் பிரதிக் கடையில் அச்சிட்டுத் திரும்பும் மாணவர், கடையிலிருந்து ஆய்வேட்டுடன் வேறெதனையும் கொண்டுவருவதுண்டு. வங்கிக் கணக்கையும் கடவுச்சொற்களையும் வைத்திருக்கும் கணினிக்கு இது சிறு விடயமன்று. எனினும் திகதி இயற்கை விதி போன்றதா? மேலதிகமாக ஓராண்டு, 2026 ஒற்றோபர் 13 வரை, பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைப் பெறும் திட்டமொன்று வீட்டுப் பாவனையாளருக்கு அறிவிக்கப்பட்டபோது, அதற்கு 30 டொலர் கட்டணமோ வேறு நிபந்தனைகளோ விதிக்கப்பட்டன. 2025 செப்டெம்பரில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பின் அழுத்தத்தையடுத்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியினருக்கு நிபந்தனை தளர்த்தப்பட்டு அது இலவசமாயிற்று. இரும்பு துருப்பிடிப்பதை எந்த நுகர்வோர் அமைப்பும் தள்ளிவைக்க முடியாது. அழுத்தத்தால் வளையும் திகதி, தேய்வு அன்று. அது ஒரு சமூக உறவு. அவ்வுறவில் பாரிஸில் உள்ள மாணவரும் பருத்தித்துறையில் உள்ள மாணவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதும் இச்சம்பவத்தால் புலப்படுகின்றது.

திகதி முடிந்த கணினி எறியப்பட வேண்டியதும் அன்று. லினக்ஸ் வகையைச் சேர்ந்த இலவசப் பணிசெயல் முறைமையொன்றை நிறுவினால் அதே கணினி தொடர்ந்து பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைப் பெறும். ரெங்கநாதன் விசைப்பலகை அதிலும் உண்டு. தமிழ் எழுதத் தடையில்லை. நிலப்படம் வரையும் கியூஜிஐஎஸ் அதிலும் இயங்கும். ஆயினும் துறையிற் கற்பிக்கப்படும் மென்பொருள் விண்டோஸை வேண்டிநிற்கும் இடத்தும், இறுதி வருடத்தில் கற்றுப் பழக நேரமில்லாதவிடத்தும் இவ்வழியை வற்புறுத்துவது உபதேசமாகவே முடியும்.

இனி 'எதைத்தான் எறிந்தோம்' என்ற மற்றைய விடையை நோக்கலாம். யாழ்ப்பாணத்தில் அவ்விடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாட்டிற்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் மின்கலங்களும் அரிதாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலில் பஞ்சிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெயில் எரித்த விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. ஐம்பதுகளில் ஆக்கப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறை.

இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அக்கார்கள் பழையன என்ற போதிலும் அன்று, பழையன என்பதனாலேயே ஓடின. அவற்றின் இயந்திரங்கள் குறைந்த அமுக்க விகிதம் உடையன. அதனால் தரங்குறைந்த எரிபொருளைச் சகித்தன. உயர்ந்த அமுக்க விகிதமுடைய பிற்காலக் கார்களுக்கு அது எளிதன்று. மூடியைத் தூக்கினால் காபுறேற்றர் கண்ணுக்குத் தெரியும். ஒரு திருகாணிச் சாவியுடன் எவரும் அதனை அணுகலாம். ஒஸ்ரின் நிறுவனம் தன் காருக்கு இறுதித் திகதி குறித்து அதனுள் வைக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றாதே என்று கார் மறுத்துரைக்கவும் இல்லை.

இவ்வனுபவம் இன்று நினைவுக் கட்டுரைகளிற் பெருமையுடன் பேசப்படுகின்றது, பேசப்படத் தக்கதுதான். ஆனால் அப்பெருமையை அப்படியே மடிக்கணினிக்குப் பொருத்துவது வரலாற்றுணர்வற்ற செயல். மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது, கரி படிந்தது, புகை கக்கியது. எவரும் விரும்பி அவ்வாறு ஓட்டவில்லை. 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் புதிய மோட்டார் சைக்கிள்கள் வந்திறங்கிய வேகமே அதற்குச் சான்று. தடையினால் வந்த சிக்கனத்தைப் பண்பாடு எனப் பெயரிட்டால், தடையை விதித்தோருக்கு நன்றி கூற வேண்டி வரும். அன்றியும் அன்றைய திருத்துநருக்கு இருந்த வசதி இன்றைய திருத்துநருக்கு இல்லை. மெல்லிய உருவில் வரும் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டுள்ளது, பற்றரி ஒட்டப்பட்டுள்ளது. பழைய கணினியோ பெரும்பாலும் ஒஸ்ரின் காரைப் போன்றது. அடிப்பலகையைக் கழற்றினால் உறுப்புகள் தனித்தனியே செருகப்பட்டிருக்கும். நான்கு ஜிகாபைற்றுடன் மூடப்பட்டு வரும் மலிவான புதிய கணினி, வாங்கும் நாளிலேயே, திறக்கக்கூடிய பழையதைவிட முதியது. விளம்பரங்கள் கூறாத உண்மை இது.

திருத்தம் என்பது சந்தைக்கு வெளியே நிற்கும் சுதந்திரமும் அன்று. 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பெரும் தேவையால் நினைவகச் சில்லுகளின் உலக விலை வேகமாக உயர்ந்தது. மைக்ரோன் நிறுவனம் சாதாரண நுகர்வோருக்கென விற்றுவந்த குருசியல் வர்த்தக நாமத்தைக் கைவிடுவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது. அமெரிக்காவிற் கட்டப்படும் ஒரு தரவு மையம் திருநெல்வேலி மாணவர் ஒருவரின் நினைவக விலையை நிர்ணயிக்கின்றது. பழையதைக் காப்பாற்ற எண்ணுவோரும் அவ்வுலகச் சந்தையின் வாடிக்கையாளரே.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து தரும் கணினியும், பாவித்த நிலையில் இறக்குமதியாகி வரும் கணினியும் இவ்விரு வழிகளுக்கும் இடைப்பட்ட மூன்றாம் வழியாகும். யாழ்ப்பாணத்தில் 'புதிதாக வாங்குதல்' எனக் கூறப்படுவது பல வேளைகளில் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பழையதாகிவிட்ட ஒன்றை இங்குப் புதியதாக்குதலேயாகும். இதில் இழிவொன்றுமில்லை. அலுவலகப் பாவனைக்கென உறுதியாக ஆக்கப்பட்ட எட்டாந் தலைமுறைக் கணினி, அதே விலைக்கு வரும் புத்தம் புதிய மலிவுக் கணினியினும் நீண்டகாலம் உழைக்கக்கூடும். ஆனால் அதன் பற்றரி ஏற்கெனவே தேய்ந்திருக்கும் என்பதை விலை பேசும்போதே கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலகம் 2022 இல் மட்டும் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவை உருவாக்கியது எனவும், அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது எனவும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கூறுகின்றது. கைமாறி வரும் கணினி அக்கழிவினின்றும் சில வருடங்கள் தப்புகின்றது. தப்பியபின் அதன் இறுதி இருப்பிடமாகக் குடாநாடு அமைகின்றது என்பது இதன் மறுபக்கம்.

திருத்தினாலும் மாற்றினாலும் அதற்கு முன்னர் நிகழவேண்டிய காரியம் ஒன்றுண்டு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) கையிலெடுக்கும்போதே நொறுங்கும் ஏடுகளோடு போராடிக் கலித்தொகையை 1887 இல் அச்சேற்றினார். ஏட்டைப் பேணுவதா, அச்சுக்கு மாறுவதா என்பது அவர் முன்னிருந்த வினாவன்று. ஏடு அழியுமுன் பிரதி உண்டா என்பதே வினா. கணினியின் வன்தட்டும் அவ்வாறானதே. அது மெல்ல மெல்ல மந்தமாவதோடு ஒருநாள் முன்னறிவித்தலின்றி நின்றும்விடும். குடாநாட்டு மாணவருக்கு இதில் வேறொரு சிக்கலும் உண்டு. பழைய கணினியிலுள்ள குறிப்புகளும், துறையின் முன்னைய ஆய்வேடுகளும், ஊர்ச் சனசமூக நிலைய மலர்களும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டிருக்கலாம். அவ்வெழுத்துரு நிறுவப்படாத புதிய கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். கோப்பைப் பிரதிசெய்தல் மட்டும் போதாது. ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றத்தின்போது சிதைந்த எழுத்துகளை ஒப்புநோக்கித் திருத்தவும் வேண்டும். ஏடு பார்த்தோர் செய்த பணியே இதுவும். இப்பணி முடியும்வரை, எவ்வளவு இரைந்தாலும், பழைய கணினியை விற்றல் தகாது.

மேசைமீதுள்ள கணினிக்குத் திரும்பினால், தமிழ்த்துறை மாணவர் ஒருவரின் கையில் அது ஆறாந் தலைமுறையினதாக, சுழலும் வன்தட்டுடன், தாய்ப்பலகை பழுதின்றி இருக்குமாயின், அதற்கு எஸ்.எஸ்.டி. ஒன்றும் நினைவகமும் இட்டு, இலவசப் பணிசெயல் முறைமையை நிறுவி, பட்டம் முடியும்வரை உழைக்கச் செய்வதே அறிவுடைமை. எஸ்.பி.எஸ்.எஸ். இன்றிக் கருமமாகாத பொருளியல் மாணவர் கையில் அதே கணினி இருக்குமாயின், நினைவகத்திற்கும் பற்றரிக்கும் செலவிடும் பணம் வீணாகக்கூடும். பாவித்த எட்டாந் தலைமுறைக் கணினியொன்றைத் தேடுவது பொருந்தும். இருவரும் கடையில் விலை கேட்குமுன் கேட்கவேண்டியது, கணினியின் அடிப்பலகையைக் கழற்றிக் காட்ட முடியுமா என்பதே. நினைவகம் செருகப்பட்டுள்ளதா, பற்றவைக்கப்பட்டுள்ளதா என்பது அப்போது தெரிந்துவிடும். கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று கடைக்காரர் கூறுவாராயின், மாதிரியின் பெயரைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து, அருகிலுள்ள திருத்துநரிடம் அதனைக் கேட்கலாம். அவர் அதே மாதிரியை ஏற்கெனவே பல தடவை திறந்திருப்பார்.